அண்ணனின் உடம்புக்குத் தெரிந்தது

குன்னூர்,
ஜூலை.

அன்புள்ள தம்பி பாலகுமாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. போனில் பேசும்போது உங்கள் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே மழை விடவில்லை. துணி எதுவும் காயவில்லை.

ஜெர்மனியிலிருந்து அனுப்பிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நோய் எதிர்ப்பு மண்டலமும் ஒருவகை அறிவுதான், மூளை இல்லாமலே அது அடையாளம் காண்கிறது, நினைவில் வைக்கிறது என்கிறீர்கள். விலங்கியல் தேர்வில் ‘செல்லுக்குத் தெரியும்’ என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைப்பவள். இப்போது அவ்வளவு உறுதியாகக் குறைக்க முடியவில்லை.

நான் அண்ணனுக்குக் கொடுத்த சிறுநீரகத்தை அவர் உடம்பு மறுபடி எதிர்க்கத் தொடங்கிவிட்டது. அவர் வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரியில் எதிர்ப்புச் சக்திக்கென்று கொரோனா காலத்தில் எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்த சீந்தில் கஷாயத்தை இன்னும் விடவில்லை. அங்கே அதைக் காய்ச்சும் காத்தாயி அக்கா இவருக்கென்று தனியாகச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். கேட்டால், “சாருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல, கூட்டத்துல விடாதீங்கன்னு நீங்கதானே டீச்சரம்மா சொன்னீங்க?” என்கிறாள். அந்தச் சக்தியைக் குறைக்கத்தான் மாத்திரை என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? இவரோ, “சிலோன்லேருந்து எங்கப்பாகூட ஒரே கப்பல்ல வந்த மனுஷி. ஆசையா குடுத்ததைக் கீழ ஊத்தவா முடியும்?” என்கிறார். கஷாயம் மட்டும்தான் காரணமென்று டாக்டரும் சொல்லவில்லை.

பிழை செய்ய முடிந்தால்தான் அது அறிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உடம்பு பிழை செய்யவில்லை, தம்பி. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் நான் வேற்றாள் என்று சரியாகவே கண்டுகொண்டது. மாத்திரை கொடுத்து அதை ஏமாற்றி வந்தது நாங்கள்தான். இதில் எனக்குக் கோபமில்லை. அலுப்பாக இருக்கிறது.

இனி டயாலிசிஸ் என்கிறார்கள். இந்த மழையில் வாரம் மூன்று முறை மலையிறங்க வேண்டும். நான் கொடுப்பதற்கு முன் எல்லோரையும் பரிசோதித்தபோது உங்கள் திசுதான் அவருடையதோடு அப்படியே பொருந்தியது. உங்களுக்கு விசா வந்திருந்தது. போய்ப் படிக்கட்டும் என்று சொன்னதும் அவர்தான். போன வாரம், “கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்று டாக்டர் மறுபடி கேட்டார். “யாருமில்லைங்க” என்றார் உங்கள் அண்ணன்.

கட்டுரையில் சில இடங்கள் எனக்குப் புரியவில்லை. ஒருமுறை நேரில் வந்தால் கேட்டுக்கொள்வேன். அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரிய வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தலைவலிக்கெல்லாம் கண்ட மாத்திரையைப் போடாதீர்கள். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அண்ணி ரேணுகா