அப்பாவின் பில்லையும் ‘வளரும் நடிகை’யும்

என் உயிரான தனம் அக்காவுக்கு,

நீ போன பிறகும் அந்த வார்த்தை சாகவில்லை. மாரிகுப்பத்தில் நம் தெருமுனையில் என் மகன் பேனர் கட்டியிருக்கிறான்: ‘வளரும் நடிகை பவித்ரா’. என் பேத்திதான். பெங்களூரில் முதல் படம். நாளைக் காலை ரயிலில் போகிறாள்.

“இன்னாம்மா, மூஞ்சிய தூக்கி வச்சினுகீற? நல்ல வார்த்தைதானே?” என்றான் மகன்.

“உங்க பெரியம்மா தலை நரைச்சி செத்தப்பவும் பேப்பர்ல ‘வளரும் நடிகை மரணம்’னு போட்டானுங்களே, அந்த நல்ல வார்த்தையா?”

நான் மறக்கவில்லை அக்கா. உன்னோடு நடிக்க மெட்ராஸ் ரயில் ஏறிய பையன் இரண்டாவது படத்திலேயே கதாநாயகன். நீ மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தாய். நாயகி வேடம் கேட்டால் இன்னும் வளரணும் என்றார்கள். அம்மா வேடம் கேட்டால், நீ வளரும் நடிகையாச்சே என்றார்கள். அப்பா வேலை செய்த தங்கச் சுரங்கத்தில், ஆள் இறக்கும் கேஜ் இரண்டு லெவலுக்கு நடுவே நின்றுபோனால் எப்படி இருக்கும்? மேலேயும் வர முடியாது, கீழேயும் இறங்க முடியாது.

பவித்ரா சிரித்தாள். “சும்மா இருங்க ஆயா. இப்ப எல்லாருக்கும் அப்டிதான் போடுவாங்க.”

“கூட நடிக்கிற பையனுக்கு இன்னா போட்டாங்க?”

“ஹீரோன்னு.”

“அவனுக்கு இது எத்தினியாவது படம்?”

“அவனுக்கும் இதான் மொதல்...”

சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் பித்தளைப் பில்லையை ஆணியில் மாட்டுவார், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார். பில்லை தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே என்று கணக்கு. நீ கிளம்பிய அன்று அப்பாவின் பில்லையை அம்மா நம் வாசல் ஆணியில் மாட்டினாள், நீயே வந்து எடுக்கணும் என்று. உன் உடம்பைக்கூட அனுப்பாமல் அங்கேயே எரித்துவிட்டார்கள். பில்லை தொங்குகிறது. அம்மாவும் தொடவில்லை, நானும் தொடவில்லை. தொட்டால் நீ வரமாட்டாய் என்று ஆகிவிடாதா?

சாயங்காலம் பவித்ரா கேட்கிறாள்: “ஆயா, எனக்கு மாட்ட மாட்டீங்களா?”

இருப்பது ஒரே பில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?

விடிந்ததும் உன் பில்லையை என் கையாலேயே எடுப்பேன். கோபித்துக்கொள்ளாதே. துடைத்து, அவள் பேரைச் சொல்லி மாட்டுவேன். அவள் வந்து எடுக்கும்வரை சாகமாட்டேன். பேனரில் அந்த முதல் வார்த்தையை மட்டும் இன்றைக்கே தார் பூசி மறைக்கச் சொல்லிவிட்டேன்.

உன்னை இத்தனை காலம் உள்ளேயே வைத்திருந்த
தங்கை குப்பு