கைச்சூட்டில் ஜெல்

அன்பான அம்மாவுக்கு,

இங்கே காலி நகரில் நான் சுகம். விழுந்து முறிந்த இடுப்பு ஆறிவருகிறதா? ஊரில், சரவணையில், வீட்டுக்குள்ளும் பொல்லைப் பிடித்தே நடமாடுங்கள்.

நேற்று மாணவர்களுக்கு, ஸ்கானில் நரம்பைப் பார்த்து, நோ தெரியாமல் மரக்கச் செய்யும் விறைப்பூசி போடப் பழக்கினேன். ஒருவன் நோயாளியின் தோலில் ஸ்கான் ஜெல்லைக் குளிரக் குளிரப் பூசினான், ஏசிவிட்டேன். உங்கள் மேலிருந்த எரிச்சல்தான்.

"தக்ஷாயினி டொக்டர் ஜெல்லைக் கைக்குள்ள வச்சுச் சூடாக்கித்தான் பூசினவ. ஊசி போட்டதே தெரியேல்லை. பெத்த பிள்ளை மாதிரி!" இடுப்புக்கு ஒப்பரேஷன் செய்த அன்றைய கதையைப் போனில் எத்தனை தரம் சொல்லிவிட்டீர்கள்!

அவள் என் மாணவி, அம்மா. அதைப் பழக்கியது நான். எனக்குப் பழக்கியது, எண்ணெயைக் கையில் சூடாக்கி என் தலையில் வைத்த நீங்கள்.

அவளுக்குக் கொடுத்த பனங்கிழங்குப் புழுக்கொடியலில் எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கள். இனி நோவு வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். உடனே வர ஏலாதுதான். என்றாலும் முதலில் எனக்கு.

வகுப்புக்கு நேரமாகிறது.

நீங்கள் பெத்த பிள்ளை,
பவதாரணி