மேலே ஆறிய கிரகம்

ஆம்பூர், சனிக்கிழமை
7 மார்ச் 1931

பிரியமான பேகத்துக்கு, ஸலாம்.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானா? மிஷன் பள்ளியில் மாஜிக் லாந்தர் படம் பார்த்ததை எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். துரைக்கண்ணு வாத்தியார் வெள்ளைத் துணியில் படம் காட்டி, கிரகங்கள் பிறந்த கதையைச் சொன்னார். நம் பூமி முதலில் கொதிக்கிற குழம்பாக இருந்ததாம். பிறகு மேல்பக்கம் மட்டும் ஆறி, கறுத்து, ஓடு கட்டியதாம்.

"மேல ஆறிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க. உள்ள இன்னும் நெருப்புதான்" என்றார்.

சனி கிரகத்தைச் சுற்றி வளையமும் காட்டினார். இப்போது என் வலது மணிக்கட்டைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் கொப்புள வளையம், அச்சு அசல் சனிதான். ஷாப்பில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் சுண்ணாம்பு சுட்டிருக்கும். சுண்ணாம்பு சுட்டால் எரியும். ஆனால் இது துளியும் வலிக்கவில்லை, அதனால் நீ பயப்படாதே.

சீக்கில் செத்த ஆடுகள் என்று பேசிக்கொண்ட வெளியூர் ஆட்டுத்தோல் மூட்டையை என்னோடு சேர்ந்து பிரித்த இமாமுத்தீனுக்கும் கழுத்தில் இப்படித்தான் வந்தது. "வலியே இல்ல பாய், சுண்ணாம்புக்கெல்லாம் இன்னா டாக்டரு?" என்று சிரித்தான். நேற்று ஜும்மா தொழுகைக்குப் பிறகு அவனை அடக்கம் செய்தோம். காய்ச்சல் என்கிறார்கள்.

நாற்பது நாள் முடிந்ததும் குடியாத்தத்திலிருந்து வருவதாக எழுதியிருந்தாய். இப்போது வரவேண்டாம். பிள்ளையை அம்மா வீட்டிலேயே வைத்திரு.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கை தோள்வரை வீங்கிக் கொதிக்கிறது. மணிக்கட்டில் மட்டும் நன்றாக ஆறிக் கறுத்துவிட்டது.

உன் பிள்ளையின் தகப்பன்