மாரியின் மகள் அழும்போது

கார்த்திகை 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள். 6.10 இடது. 7.00 வலது. 7.40 மறுபடி இடது. அதற்குப் பிறகு குறிக்கவில்லை. கை ஒழியவில்லை.

நர்ஸ் அக்கா வந்து எடை பார்த்தார். "எந்நேரமும் மாருலயே கெடக்கானே, பால் பத்தலையோ?" என்று அம்மா கேட்டாள். "எடை ஏறுதுல்லம்மா. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்" என்றார். காம்பு வெடிப்புக்குப் பாலையே தடவிக் காயவிடச் சொன்னார்.

பதினோரு மணி வாக்கில் மூன்று வீடு தள்ளி மாரியின் மகள் அழுதாள். என் பிள்ளை தூக்கத்தில். ஆனாலும் இரண்டு பக்கமும் பால் சுருக்கென்று இறங்கி நைட்டி நனைந்துவிட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

கார்த்திகை 4, புதன்

வெயில். துணி காய்ந்தது. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு. எம்புட்டுத் தண்ணீர் குடித்தாலும் தாகம். முதுகு முறிகிறது.

பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்தால் போதும், மாரி கண்ணுக்குள் வந்துவிடுகிறாள். காலை நீட்டி, வெடிக்குத் திரி சொருகிக்கொண்டு.

எழுதிவிடுகிறேன். ஆடியில் நான் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டபோது, என் இடத்துக்கு ஆள் வேண்டும் என்றார் போர்மேன். மாரி வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டது நான்தான். "உக்காந்த வேலைதான் மாரி. கைப்பிள்ளைக்காரிக்குத் தோது." இதே வார்த்தை. ஒரு வாரம் பக்கத்தில் வைத்துப் பழக்கியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் ஜாக்கெட் நனைந்துவிட்டது. "செல்விக்கா, இப்பம் எம் பிள்ளை அழுதிருக்கும் பாருங்க" என்று சிரித்தாள். அது எப்படி இங்கிருந்து தெரியும் என்று கேலி செய்தேன்.

ஆவணியில் நாங்கள் திரி சொருகும் அந்த ரூம் வெடித்தது. மாரி உட்பட உள்ளே இருந்த நான்கு பேரும் இல்லை. மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்றாள் அம்மா. சரி என்றேன். அதில் ஒளிந்துகொண்டேன். இன்றுவரை அந்த வாசலை மிதிக்கவில்லை.

கார்த்திகை 5, வியாழன்

கையில் வெடிமருந்து வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டேன். "மோந்து பாரும்மா." அம்மா முகர்ந்தாள். "சோப்பு வாசந்தான்டி வருது." நான் நான்கு மாதமாகக் கம்பெனிப் பக்கமே போகவில்லை. இந்தக் கையால்தான் பிள்ளை தலையைப் பிடிக்கிறேன்.

டயபர் வாங்கச் சொல்ல வேண்டும். மறந்துபோகிறது.

கார்த்திகை 7, சனி

பத்தரைக்குப் பொன்னுத்தாய் அத்தை வந்தார்கள். மாரியின் மாமியார். இடுப்பில் பேத்தி.

"வாங்கத்தை. உக்காருங்க" என்றேன்.

பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். அத்தை அவனை வெகுநேரம் பார்த்தார்கள்.

"அத்தை, மாரியை அந்த வேலைக்குக் கூப்பிட்டது நான்தான்."

"தெரியும். மாரி சொல்லிட்டுத்தான போனா."

"என்னைத் திட்டுனீகளா?"

"திட்டாம? ஊர் கேக்கத் திட்டுனேன். இப்பமும் கோவம் போகல, செல்வி. பொய் எதுக்குச் சொல்ல?" முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தார்கள். "ஆனா இவ அழுதா நீ ஜன்னலைச் சாத்துத சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கு. தெனமும் கேக்கு. அது தாங்கல எனக்கு. அதான் வந்தேன்."

நான் அழுதேன். அத்தை அழவில்லை.

அப்போது மாரியின் மகள் என் மாரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "குடுக்கவா அத்தை?" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து முறைத்தாள். அத்தை அவளை என் மடியில் விட்டார்கள்.

வாய் வைத்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. விட்டுவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அலறிவிட்டாள்.

"மூணு மாசமாச்சுல்ல" என்றார்கள் அத்தை. "மறந்துட்டா."

பாலை மறந்துவிட்டாளா, அல்லது முகத்தைத் தேடினாளா? அத்தையிடம் கேட்கவில்லை.

கார்த்திகை 8, ஞாயிறு

மழை விட்டு வானம் வெறித்திருக்கிறது. பதினோரு மணிக்கு அவள் அழுதாள். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். "முப்பது கழியாம வாசல் தாண்டுதியே!" என்று அம்மா பின்னாலேயே கத்தினாள். மூன்று வீடுதான்.

அத்தை பாய் விரித்தார்கள். என் பிள்ளைக்கும் பசி. அங்கேயே உட்கார்ந்து கொடுத்தேன். மாரியின் மகள் அழுகையை நிறுத்திவிட்டுத் தவழ்ந்து வந்தாள். அவன் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சாய்த்தாள். குடிக்கவில்லை. நானும் இழுக்கவில்லை. மறுபக்கம் தானாக வடிந்து அவள் கன்னத்தில் சொட்டியது. நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

அத்தை சட்டென்று எழுந்து, கூழ் கிண்ட வேண்டும் என்று உள்ளே போனார்கள். வெகுநேரம் வரவில்லை. அடுப்புப் பற்றவைக்கும் சத்தமும் கேட்கவில்லை.