பிலோடென்ட்ரான்களுக்குக் காவல்

கள்ளக்குறிச்சி

அன்பு மகள் தனுஷாவுக்கு அப்பா எழுதுவது. உன் மாடி வீட்டில் நானும், நைனார்பாளையத்தில் உங்கம்மாவும், ஆளுக்கொரு பக்கமாக இருந்தாலும் நலமாகத்தான் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் வந்ததும் செடியைக் காட்டுங்கப்பா என்கிறாய், நானும் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டிக்கொண்டே போகிறேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே போனை வைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செடி சேதி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியை நீ படிக்க மாட்டாய். நீ ஆசையாக வளர்த்த பிலோடென்ட்ரான் கொடிகள் எல்லாம் செழிப்பாக இருக்கின்றன, அந்தப் பெயர்கூட இப்போது எனக்குத் திக்காமல் வருகிறது. வந்த புதிதில் நெல்லுக்குப் பாய்ச்சிய கையால் தினமும் தண்ணீரைக் கொட்டி, இலை பழுத்து வேர் அழுகி இரண்டு தொட்டியைக் கொன்றேனே, அந்தக் கூத்து இப்போது இல்லை. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். ஈரத்துணியால் இலையைத் துடைக்கிறேன், வெளிச்சம் எல்லாப் பக்கமும் படும்படி தொட்டியைத் திருப்பி வைக்கிறேன். பெரிய கொடி நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு என் தோள் உயரம் வந்துவிட்டது. நேர் வெயில் பட்டால் இலை கருகும் என்று நீ சொன்னதால் பகலெல்லாம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அந்த மங்கலில் நானும் அவற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். நாலு ஏக்கரைச் சுற்றி வந்த ஆள் இப்போது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடக்கிறேன். மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மூன்று மாதம் இங்கேயே இருங்கள், அப்படியே செடியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதானே விட்டுப் போனாய். இரண்டு பொங்கல் போய்விட்டது. மூட்டு எப்போதோ சரியாகிவிட்டது கண்ணு, மூச்சுதான் முட்டுகிறது.

உங்கம்மா பாடு இதைவிட மோசம். செவலைப் பசு கன்று போட்ட அன்று ஒண்டியாக அல்லாடியிருக்கிறாள், மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டுவதும் அவள்தான். நான் எப்போதாவது காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறேன். போன தடவை கிளம்பும்போது, "விருந்தாளி கணக்கா வந்து காப்பி குடிச்சிட்டுப் போறீங்களே, இன்னா பொழப்பு இது" என்று கேட்டுவிட்டாள். செடிகளையே ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மாட்டுப் பொங்கல் சமயத்தில் இங்கே வந்த உங்கம்மா, நான் கத்தரித்துப் போட்ட கொடியைப் பார்த்து, இத்தனை பச்சை குப்பைக்குப் போவதா என்று பையில் திணித்துக்கொண்டு போய் வெள்ளாட்டுக்குப் போட்டுவிட்டாள். அன்றைக்கே போன் வந்தது. "இன்னா எலைங்க இது, ஆடு வாய் வீங்கிப்போயி எச்சில் வுட்டுக்கினு நிக்குது, வூட்டுக்குள்ள வெஷத்தையா வளக்கறீங்க" என்று ஒரு பிடி பிடித்தாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்தார், ஆடு இரண்டொரு நாளில் தேறிவிட்டது, உங்கம்மாதான் இன்னும் தேறவில்லை. அந்தத் தொட்டியில் ஒன்றுகூட வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று உண்டு. வெள்ளிமலையில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ராஜதுரை மாசியில் தேன் கொடுக்க வந்தார். செடிகளைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டாண்ட பலா மரத்து நெழலு இருக்குது, ஆடு மாடும் எங்கிட்ட இல்ல, ஜீப்புல ஏத்தி வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. செடியைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டினால், நீ இனிமேல் வரமாட்டாய் என்று நானே முடிவு கட்டினது போல ஆகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. புது இலை ஒன்று விரிந்தால் தனுஷா வந்து பார்ப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன், அந்த நினைப்புதான் என்னை இங்கே கட்டிப்போட்டிருக்கிறது. நீ சித்திரை என்றாய், பிறகு ஆவணி என்றாய், கிறிஸ்துமஸ் லீவு என்றாய், இப்போது மறுபடியும் சித்திரை என்கிறாய். மாப்பிள்ளை அங்கே சொந்த வீடு பார்ப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னபோது, நீ அவசரமாக அந்தப் பெரிய இலையைக் காட்டுங்கப்பா என்றாய். எனக்குப் புரியாமல் இல்லை.

சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்லு தனுஷா. வருவாயா, அங்கேயே இருந்துவிடப் போகிறாயா? இருந்துவிடுவதானால் எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருக்கும், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தெரியாமல் காத்துக் கிடப்பதுதான் இனி என்னால் முடியாது.

எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருவரும் வயிறாரச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ அப்பாவின் ஆசீர்வாதம். காதை மூடிக்கொள்ளாமல் குளிரில் வெளியே போகாதே. இன்னொன்று, மறந்துவிடாதே. வரமாட்டேன் என்பதுதான் பதிலென்றால் அதை உங்கம்மாவிடம் போனில் சொல்லிவிடாதே. நான் ஊருக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
கொளஞ்சியப்பன்