நையாண்டிக்கு நீ சொன்ன அர்த்தம்

அன்பான ஸ்டெல்லா அக்கா,

நீ இல்லாமல் தாம்பரத்தில் முதல் பொங்கல் வருகிறது. அவசரநிலை போய்விட்டது. ஆனாலும் நம் காலனியில் அரசியல் பேசுகிறவர்கள் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான்.

அவசரநிலை இருந்தபோது வந்த பொங்கல் விழாவுக்கு நீ எழுதிய நாடகத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தண்ணீர் வராத குழாய்க்கு மாலை போட்டுவிட்டு, ஊரையே கைதட்டச் சொல்லும் தலைவர். போர்டில் 'நையாண்டி நாடகம்' என்று நீயே எழுதினாய். மறுவாரம் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார்.

"நையாண்டின்னா இன்னா அர்த்தம்மா? கேலியா?"

"கேலின்னா ஆளைப் பார்த்து சிரிக்கிறது சார். நையாண்டின்னா, அவர் செய்யறதையே கொஞ்சம் பெருசாக்கிக் காட்டறது. தப்பு இருந்தா ஜனங்களுக்கே சிரிப்பு வந்துடும்" என்றாய்.

"அவருன்னா யாரும்மா?"

நீ அவருக்குக் காபி கொண்டுவர உள்ளே போனாய். கதவோரம் நின்ற நான் ஜன்னலைச் சாத்தினேன்.

பிறகு உன் பள்ளி நிர்வாகம் கூப்பிட்டது. அது வெறும் கேலி, அர்த்தமில்லாத விளையாட்டு என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்றார்கள். அர்த்தமில்லாததை நான் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாய். வேலை போனது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும் வரை டியூஷன் எடுத்தே காலம் தள்ளினாய்.

யார் போட்டுக்கொடுத்தது? பக்கத்து வீட்டுச் சுந்தரம் சார்தான் என்று நான் அன்றே முடிவுகட்டினேன். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர். அரசாங்க உத்தியோகம் வேறு. நான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். நீ மட்டும் அவர் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாய். ஏன் அக்கா? உனக்கு ஏதாவது தெரியுமா?

போன ஞாயிறு அவரே வந்தார். "அந்த நாடகத்தைப் பத்தி போலீஸ்ல என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க தம்பி. நையாண்டின்னா பாராட்டிப் பாடறதுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தெருவையே பார்த்தார்.

உண்மையா, இல்லை ஆட்சி மாறியபின் ஜோடித்த கதையா? தெருவைப் பார்த்தது பழைய பயத்திலா, வேறெதையாவது மறைக்கவா? நீ இருந்தால் பார்த்ததும் சொல்லியிருப்பாய்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தப் பொங்கலுக்கு உன் நாடகம் மறுபடி மேடையேறும். தலைவர் வேஷம் தனக்கு வேண்டும் என்று சுந்தரம் சார் கேட்டார். சரி என்றேன். ஒத்திகையில் முதல் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தெருவைப் பார்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாடகம் முடியட்டும், நேருக்கு நேர் கேட்பேன். என்ன பதில் வந்தாலும், பாதியில் எழுந்து போகாமல் முழுசாகக் கேட்டுக்கொள்வேன்.

இன்னும் யாரையும் நம்பப் பழகாத
உன் தம்பி,
தாமஸ்