சட்டகக் குழுவில் ஆறு மாதம்

ஜூன் 4
துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஆணை. 'கைபேசி மற்றும் இணையவழிக் கற்றலுக்கான சட்டகம்' வடிவமைக்கக் குழு, நான் செயலாளர். புள்ளியியல் துறையில் வேறு ஆளே இல்லையா? இருக்கிறார்கள். அன்றைக்கு விடுப்பில் இருந்தார்களாம்.

மாலையில் அக்காவிடம் சொன்னேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவள். இருபது வருஷமாகப் பட்டத்துக்கு ஒரே ஒரு தாள் அரியர் — அதுவும் என் பாடம், புள்ளியியல். பழைய அரியர்களுக்கு வரும் நவம்பர்தான் கடைசி வாய்ப்பு. வகுப்புக்கு வர அவளுக்கு ஏது நேரம்?

"போன்லயே பாடம் வருமா? அப்ப எழுதிடுவேன்டி" என்றாள்.

ஜூன் 11
முதல் கூட்டம். பதிவாளர், கணினித் துறைத் தலைவர், நூலகர், நான். வளாகத்துக்குள் கைபேசிக்குத் தடை என்பதால் நால்வர் கைபேசியையும் வாயிற்காவலர் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். பிறகு கைபேசி வழிக் கற்றலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம்.

ஜூன் 25
'சட்டகமா', 'கட்டமைப்பா'? இன்று முழுக்க அதுதான்.

ஜூலை 9
படம் வரைந்து கொண்டுபோனேன். மாணவர், பாடம், கருவி, ஆசிரியர் — நான்கு அடுக்கு. பதிவாளர் முகம் சுளித்தார்.

"நாலு பத்தாது மேடம். பக்கத்துப் பல்கலைக்கழகத்துல அஞ்சு வச்சிருக்காங்க."

ஏழாக்கினோம். கடைசி இரண்டுக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஒன்று 'பிற', இன்னொன்று 'மற்றும் பிற'. ஒருமனதாக நிறைவேறியது. அம்புக்குறி மேலே போக வேண்டுமா, கீழே வர வேண்டுமா என்று பார்க்க ஒரு துணைக்குழு.

ஜூலை 10
இன்றுதான் கவனித்தேன். ஏழு அடுக்கில் மாணவரைக் காணோம்! தட்டச்சர் இடமில்லை என்று எடுத்துவிட்டாராம்; தலைப்பில் மட்டும் இன்னும் 'ஏழு'. பதிவாளரிடம் ஓடினேன்.

"அவங்க மறைமுகமா இருக்காங்க மேடம். விடுங்க."

ஆகஸ்ட் 2
"என்னடி ஆச்சு உன் சட்டகம்?"

என்னத்தைச் சொல்ல? இன்னும் மூணு மாசம்தான் இருக்கு, நாங்க அம்புக்குறிய பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கோம்னா? ச்சே.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் பேசிப் பதிவு செய்தேன். சராசரி, எட்டு நிமிடம். அனுப்பிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5
அக்காவின் பதில், குரல் செய்தியாக. பின்னால் இயந்திரங்கள் உறுமுகின்றன. அவற்றுக்கு மேல் கத்துகிறாள். "திங்கக்கிழமை நாப்பது விரிப்பு வருது. செவ்வாக்கிழமை நானூறு. சராசரி இருநூத்தி இருபதுன்னு ஆள் போட்டா, ஒரு நாள் சும்மா நிப்போம், மறுநாள் செத்துப்போவோம். உன் சராசரிய வச்சு நாங்க என்னடி பண்றது?"

சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கும் திட்ட விலக்கத்தைப் பதினாறு வருஷமாக நடத்துகிறேன். இவ்வளவு நன்றாக ஒருநாளும் தொடங்கியதில்லை.

செப்டம்பர் 1
அக்கா என் பாடங்களைச் சலவைக்கூடத்தில் ஐந்து பேருக்கு அனுப்பியிருக்கிறாள். இரண்டு பேருக்கு அரியர். மற்ற மூவருக்கு? "சும்மா ஆசைடி. கூடாதா?"

செப்டம்பர் 18
அடுத்த வாரம் சட்டகத்தைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிறது. பதிவாளர் கையைப் பிசைகிறார். "படிக்கிறவங்கன்னு ஒருத்தரையாவது காட்டணுமே மேடம்!"

வாய் சும்மா இருந்ததா? ஆறு பேர் இருக்கிறார்கள் என்று உளறிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே கறுத்தது.

"யாரைக் கேட்டு நடத்துனீங்க?"

செப்டம்பர் 19
மேசையில் இரண்டு உறை. ஒன்று பாராட்டுக் கடிதம். இன்னொன்று, அனுமதியின்றிப் பாடம் நடத்தியதற்கு விளக்கம் கேட்டு. பதில் திருப்தி தராவிட்டால் பாடத்தை நிறுத்த வேண்டுமாம். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து.

நிறுத்தினால் அக்காவுக்கு நவம்பர் போச்சு. இன்றைய பாடத்தை அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 26
ஆய்வு. படிக்கிறவர்கள் சார்பில் அக்கா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாள், சோப்பு வாசனையோடு. ஆய்வுக்குழுத் தலைவியான அம்மையார் சுவரிலிருந்த பெரிய படத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்த ஏழு அடுக்குல எது உங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு?"

அக்கா கிட்டப்போய் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தாள்.

"இதுல நாங்க எங்கம்மா இருக்கோம்?"

நூலகர் இருமினார். கணினித் துறைத் தலைவர் அவளுக்குத் தண்ணீர் நீட்டினார். "மற்றும் பிற-ல" என்றார் பதிவாளர்.

அம்மையார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 10
அறிக்கை வந்துவிட்டது. சட்டகம் தொலைநோக்கு உடையதாம். அதில் மாணவரைச் சேர்ப்பது பற்றி ஆராயப் புதிய குழு. நான் அதில் இல்லை. என்னிடம் கேட்ட விளக்கம் யாருக்கும் நினைவில்லை; நானும் நினைவுபடுத்தவில்லை.

பாடம் இருபத்து மூன்று அனுப்பினேன்.

நவம்பர் 14
அக்காவின் தேர்வு. உறவினர் எழுதும் அறையில் மேற்பார்வைக்குப் போகக்கூடாது. எனவே பணி இல்லை. ஆனாலும் போனேன். தாழ்வாரத்தில் தூணோரம் நின்றேன். ஒன்றரை மணி நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். எழுதுகிறாளா, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா?

பிறகு கேட்டது, அந்தக் கட்டடமே திடுக்கிடும்படி, அக்காவின் குரல்:

"சார், அடிஷனல் ஷீட்!"